கரையைக் கடந்த பின்

ஐப்பசி மாதத்தில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகியிருப்பதாகவும், நாகப்பட்டினம் முதலிய கடலோர மாவட்டங்களில் பலத்த காற்றுடன் கனமழை பெய்யக்கூடும் என்றும் வானிலைச் செய்தி வந்தவுடன், கடலைத் தம் வாழ்நாளில் இரண்டொரு முறைக்கு மேல் கண்டிராத காங்கேயத்துக் களத்துக்காரர் ஆட்களைக் கூப்பிட்டுத் தார்ப்பாய்களை எடுத்து வைக்கச் சொல்வாரானால், அதை வீண் பயம் என்று வெளியூரார் எண்ணுவது இயல்பே. காங்கேயத்திலிருந்து நாகப்பட்டினம் நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மேற்கே அரபிக்கடலோ அதைவிடச் சற்று அருகில், 180 கிலோமீட்டர் தொலைவில், நடுவே மலைத்தொடர் ஒன்றையும் வைத்துக்கொண்டு இருக்கிறது. இரண்டு சமுத்திரங்களுக்கும் இடையில், இரண்டுக்கும் தூரமாக அமைந்த இந்த ஊரில் கொப்பரைக் களங்கள் ஏராளம். உடைத்த தேங்காயில் பாதிக்குப் பாதி ஈரம். அந்த ஈரம் நூற்றுக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கினால்தான் பருப்பு செக்குக்கும் ஆலைக்கும் தகுதியாகும். இதற்கு நல்ல வெயிலில் ஐந்தாறு நாள் வேண்டும். நடுவில் ஒரு நாள் மழையில் நனைந்து, மறுநாளும் வானம் மூடிக்கிடந்தால் பருப்பில் பூஞ்சை படரும், நிறம் மாறும், விலை இறங்கும். ஆகவே களத்துக்காரருக்கு ஐந்து நாள் வானிலை என்பது பொழுதுபோக்குச் செய்தி அன்று.

அவருடைய பயத்தில் நியாயம் உண்டா என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் ஆராயப் போகிறோம். ஆராயும்போது, கடலோரத்துக்கான அறிவிப்பில் பிரியாத இரட்டையராய் வரும் காற்றும் மழையும் உண்மையில் ஒரே தாய் வயிற்றில் பிறந்தும் கரையோரத்தில் பிரிந்து வேறு வேறு திசையில் போகும் இரண்டு சக்திகள் என்பது தெரியவரும். அந்தப் பிரிவினையைக் கடற்கரையில் நின்று பார்ப்பவரைவிட உள்நாட்டில் நின்று பார்ப்பவர் தெளிவாகக் காண்பார் என்பது என் அபிப்பிராயம்.

முதலில் இந்தப் பிரதேசத்தின் இயல்பைச் சொல்லிவிடவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் பக்கம் மலைமீது ஏறி, தன் நீரையெல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, மலைக்கு இப்பால் வறண்ட காற்றாக இறங்குகிறது. இறங்கும் காற்று வெப்பமடையும், வெப்பமடைந்த காற்றில் மேகம் கரையும். பாலக்காட்டுக் கணவாய் மாத்திரம், மலைத்தொடரில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்ட வாசலைப் போல், ஆனி ஆடி மாதங்களில் கொங்கு நாட்டுக்குள் காற்றைக் கொட்டுகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம், காங்கேயம் ஆகிய பகுதிகளில் நிற்கும் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பி நிற்பவை. திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் பல தமக்கென்று சொந்தமாகக் காற்றாலை வைத்திருப்பதும் இதனாலேதான். காற்று தாராளம், மழை லோபம். ஆண்டு முழுவதிலும் இங்கே பெய்வது 600 மில்லிமீட்டரை ஒட்டிய அளவே. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வரவேண்டியது. ஆக, காங்கேயத்தின் கிணறும், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் ஒருவகையில் 250 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கடலின் தயவில் இருக்கின்றன.

அந்தக் கடலில் நடப்பது என்ன? மேற்பரப்பு நீர் 26.5 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறி, அந்தச் சூடு சில பத்து மீட்டர் ஆழம் வரையில் பரவியிருக்கும்போது, நீர் ஆவியாகி வாயுமண்டலத்தில் ஏராளமாகக் கலக்கிறது. ஆவியாவதற்கு நீர் வாங்கிக்கொண்ட உஷ்ணம் எங்கும் போய்விடுவதில்லை. ஆவி மேலே சென்று குளிர்ந்து மீண்டும் நீர்த்துளியாகும் கணத்தில் அது திரும்ப வெளிப்படுகிறது. இதன் பிரமாணத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுந்த நீரின் எடை ஒரு லட்சம் டன். அத்தனை நீரும் ஆவியிலிருந்து நீராக மாறியபோது மேலே வெளிப்பட்ட உஷ்ணத்தை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஏழு கோடி யூனிட். இது ஒரு சதுர கிலோமீட்டருக்கு. புயலின் மழையோ ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்வது. இவ்வளவு உஷ்ணம் பெற்ற காற்று இலேசாகி மேலெழ, கடல்மட்டத்தில் அழுத்தம் குறைய, சுற்றிலும் உள்ள காற்று அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடிவர, ஓடிவரும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்புறமாக விலக்க, விலகிய காற்று மையத்தை இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்குகிறது. சுற்றும் காற்று கடலிலிருந்து மேலும் ஆவியை வாரிக்கொள்கிறது. ஆவி மழையாகி மேலும் உஷ்ணம் தருகிறது. உஷ்ணம் காற்றை மேலும் விரைவுபடுத்துகிறது. மழையே காற்றுக்கு விறகு, காற்றே மழைக்குத் துருத்தி என்னும்படியான இந்தச் சக்கரம் கடல்மேல் உள்ள வரையில் எளிதில் அறுபடுவதில்லை.

காற்றின் வேகத்தைக் கொண்டுதான் வானிலைத் துறையார் இதற்குப் பட்டம் சூட்டுகிறார்கள். மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் புயல், 89-ஐ எட்டினால் தீவிரப் புயல், அதற்கு மேலும் படிகள் உண்டு. வேகம் இரட்டித்தால் காற்றின் தாக்குதல் இரண்டு மடங்கு அன்று, நான்கு மடங்கு ஆகும் என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று தன் எதிரே நிற்கும் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 17 கிலோ எடை சாய்ந்ததுபோல் அழுத்தும் என்றால், 120 கிலோமீட்டர் காற்று 68 கிலோவாக அழுத்தும். கடலோரத்தில் இதற்குத் துணையாகக் கடலும் எழும்பி வருகிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை ஊரோடும், ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் ரயிலோடும் அழித்தது காற்று மட்டுமன்று. காற்றினால் உந்தப்பட்டுக் கரைமேல் ஏறிய கடல்.

ஆனால் இந்த மகா சக்திக்கு ஒரு பலவீனம் உண்டு: அது நிலத்தில் வாழ அறியாது. கரையைத் தாண்டியதும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்த ஆவி நின்றுபோகிறது. அதோடு மரமும் வீடும் மேடும் பள்ளமும் உராய்ந்து காற்றின் வேகத்தைத் தின்கின்றன. சில மணி நேரத்திலேயே சண்டமாருதம் சாதாரணக் காற்றாகிவிடுகிறது. செய்தித்தாள்களும் இதை ஒட்டியே நடந்துகொள்கின்றன. புயல் கரையைக் கடந்தது என்று எட்டுப் பத்தித் தலைப்பிட்ட மறுநாள் அது எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. இது பெருந்தவறு. ஏனெனில் கரையில் இறப்பது காற்று, மழை இறப்பதில்லை. பல கிலோமீட்டர் உயரம் வரையில் அந்தச் சுழல் தூக்கிச் சுமந்துவந்த ஈரம் முழுவதும் அப்படியே தலைக்கு மேல் இருக்கிறது. அது இறங்குவதற்கு வேண்டியது வேகம் அன்று. காற்றை மேலே தூக்கும் ஒரு காரணமும் அவகாசமுமே. வலுவிழந்த சுழலின் மையமும், குறுக்கே நிற்கும் மலைச்சரிவும் அந்தக் காரணத்தைத் தருகின்றன. சுழல் மெதுவாக நகருமானால் அவகாசமும் கிடைத்துவிடுகிறது.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலைப்போல் இதைத் தெளிவாக நிரூபித்த உதாரணம் சமீபத்தில் வேறில்லை. காற்றின் கணக்கில் அது எளிய புயல். மணிக்கு 70, 80 கிலோமீட்டர், இடையிடையே 90. தனுஷ்கோடியின் புயலோடு ஒப்பிட்டால் குழந்தை. ஆனால் கரையேறிய பிறகு அது நகர மனமின்றிப் புதுச்சேரிக்கு அருகிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அதுவாவது கடலுக்குப் பக்கம் என்று சமாதானம் சொல்லலாம். அடுத்த நாள், காற்று ஓய்ந்து புயல் என்ற பட்டத்தையும் இழந்த பின்னர், அதன் மிச்சம் மேற்கே நகர்ந்து, கடற்கரையிலிருந்து 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரைக் கொட்டியது. ஊத்தங்கரையும் காங்கேயத்தைப் போல வறண்ட பூமி. ஏரி நிரம்பிச் சாலையில் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துச் செல்லும் என்று அவ்வூரார் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். புயலின் பட்டத்தைப் பார்த்து மழையை மதிப்பிடுகிறவர்கள் ஏமாறுவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பட்டம் காற்றுக்கு அளிக்கப்படுவது. மழைக்கும் அதற்கும் நேரான சம்பந்தம் கிடையாது.

காற்றும் உள்நாட்டுக்கு வரவே வராது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக்கூடாது. 1977-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறிய புயல், தஞ்சாவூரிலும் புதுக்கோட்டையிலும் திருச்சிராப்பள்ளியிலும் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவு வீசிவிட்டு, தமிழ்நாட்டின் குறுக்கே நடந்து, மறுநாள் காலையில் அரபிக்கடலில் இறங்கிற்று. 560 பேர் மாண்டார்கள். பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். விரைந்து செல்லும் புயல், வலிமை குன்றுவதற்குள் அதிக தூரம் வந்துவிடுகிறது. எனவே மெதுவான புயலில் மழைக்கும், வேகமான புயலில் காற்றுக்கும் உள்நாட்டார் அஞ்ச வேண்டியிருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வங்கக் கடலில் புயல் என்றவுடனே தார்ப்பாயைத் தேடும் களத்துக்காரர், புயல் வடக்கே ஆந்திரத்தை நோக்கித் திரும்பிவிட்டது என்று கேட்டால் தாராளமாகத் தார்ப்பாயை மடித்து வைக்கலாம். சுழல் இடஞ்சுழி ஆகையால், அதற்குத் தெற்கே இருக்கும் கொங்கு நாட்டில் அப்போது மேற்கிலிருந்து காற்று வீசும். மலையிலிருந்து இறங்கிவரும் அந்தக் காற்று வறட்சியானது. கடலில் பேரிரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும் அதே நாளில் இங்கே பருப்பு காய நல்ல வெயில் அடிக்கும்.

முன்னறிவிப்பு என்னும் சாஸ்திரம் எவ்வாறு வளர்ந்தது என்பது நீண்ட கதை. அதில் ஒரு மனிதரை மட்டும் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன், புயலில் அகப்பட்டுத் தப்பிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் எழுதியிருந்த காற்றின் திசையை ஒரே வரைபடத்தில் குறித்து, புயலின் சுழலையும் பாதையையும் மாலுமிகளுக்கு விளக்கியவர். மாதலா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசாங்கம் முனைந்தபோது, அந்த இடத்தைக் கடல் ஒருநாள் புயலோடு வந்து வாரிச் செல்லும் என்று 1853-இல் கவர்னர் ஜெனரலுக்கே கடிதம் எழுதினார். எழுதியும் பயனில்லை; கானிங் என்ற பெயரில் துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858-இல் இறந்துபோனார். 1867-இல் புயல் வந்து கானிங் துறைமுகத்தைச் சிதைத்தது. இடையில் 1864-இல் கல்கத்தாவும் மசூலிப்பட்டினமும் ஒரு மாத இடைவெளியில் பெரும் புயல்களுக்கு இரையான பிறகே அதிகாரிகளுக்கு விழிப்பு வந்து, 1875-இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது.

இன்றைக்கு அந்தத் துறை புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. 72 மணி நேரம் முன்னதாக ஒன்று, 48 மணி நேரம் முன்னதாக ஒன்று, 24 மணி நேரம் முன்னதாக ஒன்று. இம்மூன்றும் முக்கியமாகக் கடலோரத்துக்குரியவை. நான்காவது, கரையேறுவதற்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னதாக வருவது, கரையேறிய பின் சுழல் எந்தத் திசையில் செல்லும், உள்மாவட்டங்களில் என்ன விளையும் என்பதைச் சொல்வது. காங்கேயத்தார் ஊன்றிப் படிக்கவேண்டியது இந்த நான்காவதையே. ஆனால் அதுவே மிகக் குறைவாகப் பிரசாரம் பெறுகிறது; தொலைக்காட்சிக்காரர்கள் அந்நேரம் கடற்கரையில் குடை பறக்கும் காட்சியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

கனமழை என்ற சொல்லுக்கும் துறையார் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் கனமழை, 115.6-ஐ எட்டினால் மிகக் கனமழை, 204.5-ஐ எட்டினால் அதி கனமழை. எல்லா ஊருக்கும் பொதுவான இந்த அளவுகோல் எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம் தருவதில்லை. 64.5 மில்லிமீட்டர் என்பது நாகப்பட்டினத்துக் கார்த்திகையில் அபூர்வம் அன்று. காங்கேயத்துக்கோ ஆண்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அதி கனமழை ஒரு நாள் பெய்தால் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒன்று ஒரே இரவில் கைக்கு வந்து, பெரும்பாலும் கைநழுவிப் போய்விடும். வறண்ட பூமியில் ஓடைகள் ஆண்டுக்கணக்கில் வெறும் மணலாய்க் கிடப்பதால், அவை ஓடைகள் என்பதையே ஜனங்கள் மறந்துவிடுகிறார்கள். பனியன் தொழிலுக்காக ஊர் ஊராய் வந்து குடியேறிய ஏழைகள் திருப்பூரில் ஜம்மனை ஓடையின் ஓரத்தில் வீடு கட்டிக்கொண்டதும், 2011 நவம்பரில் ஓடை திடீரென்று பெருகி வீடுகளோடு உயிர்களையும் கொண்டு சென்றதும் இந்த மறதியின் விளைவு. நொய்யல் ஆறும் அப்படியே. வெள்ளியங்கிரிச் சாரலில் மழை கொட்டினால், காங்கேயத்தில் ஒரு துளியும் விழாத நாளிலும் தாலுகாவின் வடக்கே வெள்ளம் வரும். திருப்பூரின் சாயமும் கூடவே வரும்.

முன்னறிவிப்பைப் பற்றிப் பேசும்போது காங்கேயத்தை அடுத்த சிவன்மலையை நினையாதிருக்க முடியாது. அந்த மலைமேல் சுப்பிரமணியர் சந்நிதியில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. பக்தர் ஒருவர் கனவில் முருகன் தோன்றி ஒரு பொருளைச் சொல்ல, அவர் கோயிலுக்கு வந்து தெரிவிக்க, பூக்கேட்டு உத்தரவு பெற்ற பின் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படுகிறது. அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். தண்ணீர் வைத்தபின் ஆழிப்பேரலை வந்தது என்று சொல்லும் அன்பர்கள் பலர். பக்தியைப் பரிசோதிப்பது இந்நூலின் வேலை அன்று. ஆயினும் இரண்டு வகை முன்னறிவிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டாமல் விட்டால் வாசகருக்குக் குறை செய்தவனாவேன். பெட்டியில் உள்ள பொருளுக்கு அர்த்தம் பிற்பாடு நிகழ்ச்சியைப் பார்த்துச் சொல்லப்படுவது. வானிலைத் துறையோ இடம், நாள், நேரம், அளவு நான்கையும் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுவிடுகிறது. புயல் போனபின் தான் சொன்ன பாதைக்கும் அது சென்ற பாதைக்கும் எத்தனை கிலோமீட்டர் பிழை என்று தானே அளந்து, அந்தப் பிழையைத் தானே அச்சிட்டு வெளியிடுகிறது. 24 மணி நேர அறிவிப்பில் அந்தப் பிழை இப்போது சராசரியாக நூறு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. நாட்கள் கூடக்கூடப் பிழையும் கூடும். நூறு கிலோமீட்டர் என்பது கரூருக்கும் கோயம்புத்தூருக்கும் இடைப்பட்ட தூரத்துக்குச் சற்றே குறைவு. ஆகவே சுழல் காங்கேயத்தின் மீது செல்லுமா, திண்டுக்கல் வழியாகப் போய்விடுமா என்று இரண்டு நாள் முன்னதாகக் கேட்பவருக்கு நேர்மையான விஞ்ஞானி உறுதியாகப் பதில் சொல்லமாட்டார். நிகழக்கூடும் என்று துறையார் எழுதுவதைக் கேலி செய்கிறவர்கள், அது நழுவல் அன்று, கணக்கு என்பதை உணர்வதில்லை.

திண்டுக்கல் வழியாகப் போன ஒன்றைக் கொண்டே இந்த அத்தியாயத்தை முடிக்கலாம். இலங்கை சூட்டிய கஜா என்ற பெயரைத் தாங்கிய புயல், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 130 கிலோமீட்டர் அளவு காற்றோடு கரையேறி, வலுவிழந்தபடியே மேற்கு நோக்கிச் சென்று, ஏறத்தாழ ஒரு நாளுக்குள் கேரளத்தையும் கடந்து அரபிக்கடலை அடைந்தது. காங்கேயம் அதன் பாதைக்கு வடக்கே ஒதுங்கி நின்றது. புயலோடு வரும் கார்த்திகை மழை கொறங்காட்டுக்காரர்களுக்கு வரம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் துளிர்ப்பதும், காங்கேயம் மாடுகள் கோடை வரையில் மேய்வதும் அந்த மழையின் பேரில்தான்.

ஆனால் களத்துக்காரர்களுக்குக் கஜாவால் வந்த சேதம் வேறு வழியில் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளிலிருந்து லாரி லாரியாகத் தேங்காய் காங்கேயத்துக்கு வந்து, இங்கே உடைபட்டு, காய்ந்து, எண்ணெயாகிக்கொண்டிருந்தது. கஜாவின் காற்று அந்தத் தோப்புகளில் லட்சக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தும் முறித்தும் போட்டுவிட்டது. தலையில் முப்பது நாற்பது மட்டைகளை விரித்துக்கொண்டு, ஆழமில்லாத சல்லிவேர்களால் மணற்பாங்கான மண்ணைப் பற்றி நிற்கும் தென்னைக்கு, மழையில் மண் இளகிய பின் வரும் காற்றைத் தாங்க வலிமை ஏது? அதிலும் நல்ல காய்ப்பில் இருந்த மரங்கள் பல வீழ்ந்தன. காற்று கரையிலேயே பெரும்பாலும் இறந்துபோயிற்று என்பது இங்கேயும் மெய்தான். ஆனால் இறப்பதற்கு முன் அது எதைத் தள்ளிவிட்டது என்பதைக் காங்கேயம் அடுத்து வந்த கொள்முதல் கணக்கில் கண்டது. வீழ்ந்த இடத்தில் நட்ட கன்று நெட்டை ரகமாக இருந்தால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகளும், குட்டை ரகமாக இருந்தால் மூன்று நான்கு ஆண்டுகளும் ஆகும். முழுக் காய்ப்பை எட்ட அதற்கு மேலும் சில ஆண்டுகள் செல்லும்.